கீழ்வீட்டிலிருந்து ஒரு தட்டல்

விழுந்த நாளிலிருந்து என் உடம்பில் இரண்டு குடித்தனம். நெஞ்சுக்கு மேலே மாடி வீடு. அதில் நான் இருக்கிறேன். பேச்சு, பசி, கோபம், இரண்டு கைகள் எல்லாம் மாடியில்தான். நெஞ்சுக்குக் கீழே கீழ்வீடு. அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் நடுவே சேதி கொண்டுபோன தண்டுவடம் முதுகெலும்புக்குள்ளேயே அறுந்துவிட்டது.

அறுந்த கதை ஒன்றும் வீரக் கதை இல்லை. நான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கிறவர்கள் பக்கத்தில் இருபது வருஷம் உட்கார்ந்தவன். லாரியைப் பார்த்து ஆசையோடு ஓடிய வண்டிகளை எல்லாம் திருப்பியிருக்கிறேன். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. கடைசியில் மகள் அடித்த பூப்பந்து ஷெட் கூரையில் போய் உட்கார்ந்தது. இதற்கு ஏணி எதற்கு என்று ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறினேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானைகூட இல்லை. பந்து கையில் வந்துவிட்டது, வாத்தியார் தரைக்கு வந்துவிட்டார்.

அக்கம்பக்கத்தார் ஓடி வந்து பாசத்தோடு கை காலைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தார்கள். முதுகில் அடிபட்டவனை அசைக்கக் கூடாது, பலகையில் கிடத்தித்தான் தூக்க வேண்டும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஜன்னலில் ஏறச் சொன்னது அவர்களா?

ஆஸ்பத்திரியில் என் அறையில் இன்னும் இரண்டு பேர். மூவருக்கும் அடிபட்டது தண்டுவடத்தில்தான். ஆனால் மூன்றும் மூன்று விதம். ஒருவர் ரிட்டையரான போஸ்ட் மாஸ்டர். குளியலறையில் வழுக்கி, தாடை தொட்டியில் மோதி, கழுத்து பின்னால் மடங்கிவிட்டது. தண்டின் நடுப்பகுதியில் மட்டும் அடி. அவர் ஜம்மென்று நடப்பார். கைதான் சொன்னபடி கேட்காது, சட்டைப் பட்டன் போட முடியாது. இன்னொருவன் கண்ணாடிக் கடைக்காரன். உடைந்த கண்ணாடி முதுகில் பாய்ந்து தண்டுவடத்தில் ஒரு பக்கப் பாதியை மட்டும் அறுத்துவிட்டது. நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘பாதி’.

“அண்ணே, என் நிலைமையைக் கேளுங்க. ஓடுற காலுக்குச் சூடு தெரியாது. சூடு தெரியுற காலுக்கு ஓடத் தெரியாது” என்பான் பாதி.

“வாத்தியார் கையைக் கொடுக்கட்டும், நான் காலைக் கொடுக்கிறேன். ஒரு முழு மனுஷனாவது வீடு போய்ச் சேரட்டும்” என்பார் போஸ்ட் மாஸ்டர்.

நாங்கள் சிரிக்கிற சிரிப்பில் நர்ஸ் வந்து கதவைச் சாத்துவாள். அழவும் செய்தோம், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒருவர் அழுதால் மற்ற இரண்டு பேர் விடமாட்டார்கள்.

அங்கேதான் பிசியோதெரபி மேடம் எனக்கு அந்தப் பாடத்தை நடத்தினார்.

“உங்களுக்கு அடி நெஞ்சு உயரத்துல. கீழ ஏதாவது குத்தினாலோ இறுக்கினாலோ உங்களுக்குத் தெரியாது. ஆனா உடம்புக்குத் தெரியும். அது பிரஷரை விர்ருனு ஏத்தும். மூளை அடக்கப் பார்க்கும், ஆனா அது சொல்றது கீழ போய்ச் சேராது. தலை இடிக்கும், முகம் சிவந்து வேர்த்துக் கொட்டும். அப்போ தலைவலி மாத்திரையைத் தேடாதீங்க. நிமிர்ந்து உட்கார்ந்து, கீழ என்ன தப்புன்னு தேடுங்க.”

“தேடலைன்னா?”

“மூளையில ரத்தக் குழாய் வெடிச்சாலும் வெடிக்கும். விளையாட்டு இல்ல.”

அதாவது, கீழ்வீட்டுக்காரனுக்கு வாய் கிடையாது. ஆபத்து என்றால் தடியை எடுத்துக் கூரையைத் தட்டுவான். அந்தத் தட்டல்தான் என் தலைவலி. முதலில் மூத்திரக் குழாய் மடங்கியிருக்கிறதா, பிறகு வயிறு, பிறகு பெல்ட், துணி, செருப்பு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். என் மனைவிக்கு அது வேதவாக்கு. செருப்போ ஷூவோ, அவள் கை உள்ளே போய்த் துழாவி வந்த பிறகுதான் என் கால் உள்ளே போகும். ஒரு தடவை மகளுடைய அழிரப்பர் வெளியே வந்தது. “செத்த காலுக்கு எதுக்கு இத்தனை உபசாரம்?” என்று நான் கேட்டால் அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். “செத்ததுன்னு சொன்னீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்” என்பாள். அதற்குள் வந்திருக்கும்.

மூன்று வருஷம் வீட்டில் இருந்தேன். எனக்கு வேலையில்லாமல் இருக்கத் தெரியாது. தெருவில் போகிற வண்டிகளுக்கெல்லாம் ஜன்னலில் இருந்தே கியர் மாற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் ஸ்கூல் முதலாளியம்மா ஒரு பழைய காரோடு வந்தார். கிளட்ச் இல்லாத வண்டி. பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் சேர்த்து ஸ்டியரிங் பக்கத்தில் கைப்பிடி ஒன்று பொருத்தியிருந்தார்.

“வாத்தியாரே, தள்ளினா பிரேக், இழுத்தா ஓட்டம். டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டு வாங்க. வண்டியும் உங்க பொறுப்பு, உங்களை மாதிரி இருக்கறவங்களுக்குக் கத்துக்கொடுக்குற வேலையும் உங்களுக்குத்தான். ஆனா முதல் தடவையே பாஸ் ஆகலைன்னா கைப்பிடியைக் கழட்டிருவேன். வண்டியைச் சும்மா நிறுத்தி வச்சா எனக்குக் கட்டாது.”

நல்ல மனசு, கறார் வாய். எனக்கு அந்த வேலை வேண்டும். சோற்றுக்காக மட்டும் இல்லை; காலையில் எழுந்ததும் யாரோ எனக்காகக் காத்திருக்க வேண்டும் என்று ஆசை.

டெஸ்ட் எடுக்கும் ஆபீசரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். பட்டப்பெயர் சிவப்புப் பேனா. என் மாணவர்களில் பாதிப் பேரைக் கவிழ்த்தவர். ‘அவர் முன்னாடி தும்மினாக்கூட இன்டிகேட்டர் போட்டுட்டுத் தும்முங்க’ என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். இப்போது அவர் பக்கத்தில் நான்.

டெஸ்ட் அன்று காலையில் என் மனைவியின் அண்ணன் வந்தார். மச்சான் பிளம்பர். ஊரில் எந்தக் குழாய் அடைத்தாலும் அவர்தான். கையில் புதுப் பெட்டி.

“மாப்ள, புது ஷூ! ஆபீசர் முன்னாடி பழைய செருப்போட போய் உட்காரலாமா?”

“கால் வண்டியில ஒரு வேலையும் செய்யப்போறதில்ல மச்சான்.”

“வேலை செய்யலைன்னா என்ன? மாப்பிள்ளையா உட்கார்ந்திருக்கும்ல?”

மனைவி டிபன் கட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் தரையில் உட்கார்ந்து, தானே போட்டுவிடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். வலது ஷூவிலிருந்து கடைக்காரன் திணித்த காகிதத்தை எடுத்தார். காலை மாட்டினார். இடதில் கொஞ்சம் முக்கினார்.

“சைஸ் சரியா?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“கச்சிதம்மா! சிக்குனு உட்கார்ந்துருச்சு” என்றார் மச்சான்.

என்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. எனக்கு அது ஷூவா சாக்கா என்றே தெரியாது.

டெஸ்ட் மைதானத்தில் சக்கர நாற்காலியிலிருந்து காருக்கு மாறினேன். சாயாமல் இருக்க நெஞ்சில் பட்டையைக் கட்டினேன். ஆபீசர் ஏறி உட்கார்ந்து, பேனா மூடியைத் திறந்து, முதல் கேள்வியைப் போட்டார்.

“கால்ல உணர்ச்சி இல்லைங்கறீங்க. ஓட்டிட்டு இருக்கும்போது கீழ ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தலை வலிக்கும் சார்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். காலைப் பற்றிக் கேட்டால் தலையைச் சொல்கிறானே என்கிற பார்வை. “போங்க” என்றார்.

போனேன். அடடா, அந்தச் சுகத்தை என்ன சொல்ல! கைப்பிடியை இழுத்தேன், வண்டி வெண்ணெயில் கத்தி போல நகர்ந்தது. திருப்பம், மேடு, ரவுண்டானா எல்லாம் முடிந்தது. ரிவர்ஸ் எடுத்தேன், ஆபீசர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் எழுதவில்லை. இரண்டு வண்டிக்கு நடுவே நிறுத்துவது மட்டும்தான் பாக்கி. பள்ளிக்கூடத் தெருவில் நுழைந்தோம்.

அப்போது தட்டல் கேட்டது.

முதலில் பின்மண்டையில் லேசாக. பயம்தான் என்று நினைத்தேன். தெருமுனை வருவதற்குள் மண்டைக்குள் உலக்கை இடித்தது. முகம் எரிந்தது. நெற்றி வேர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கியது. கை மயிர் சிலிர்த்து நின்றது.

நிறுத்த வேண்டிய இடம் கண்ணுக்கு எதிரே தெரிகிறது. இன்னும் கொஞ்ச தூரம்தான். ஓரங்கட்டினால் சிவப்புப் பேனா என்ன எழுதும்? நடுவழியில் உடம்புக்கு முடியாமல் போகிறவன், வண்டி ஓட்ட லாயக்கில்லை. கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். பல்லைக் கடித்து முடித்துவிடு என்றது ஆசை. ‘விளையாட்டு இல்ல’ என்றது மேடம் குரல். அந்த நேரம் நடைபாதையில் இரண்டு பிள்ளைகள் கைகோத்துப் போனார்கள். ரத்தக் குழாய் வெடித்தால் இந்த வண்டி எங்கே போகும் என்று யோசித்தேன். அதோடு முடிவாகிவிட்டது.

இன்டிகேட்டர் போட்டேன். கண்ணாடி பார்த்தேன். ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்தேன்.

“நான் நிறுத்தச் சொல்லலையே?” என்றார் ஆபீசர்.

“சார், தலை வலிக்குது.”

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பேனாவை மூடினார்.

“என்ன பண்ணணும்? சொல்லுங்க.”

மூத்திரக் குழாயைத் தொட்டுப் பார்த்தேன்; மடங்கவில்லை. வயிறு, காலையிலேயே கவனித்தாகிவிட்டது. பெல்ட்டைத் தளர்த்தினேன். தட்டல் நிற்கவில்லை. மிச்சம் ஷூதான். நான் குனிந்தால் ஸ்டியரிங் மேல் சாய்ந்து விழுவேன்.

“சார், மன்னிச்சுக்கணும். என் ஷூவைக் கழட்டிப் பார்க்கணும். என்னால முடியாது.”

ஊரையே நடுங்கவைத்த மனிதர் இறங்கினார், சுற்றிக்கொண்டு வந்தார், இஸ்திரி கலையாத பேண்ட்டோடு நடுத்தெருவில் மண்டியிட்டார். வலது ஷூ வந்தது, ஒன்றும் இல்லை. இடது ஷூ வரமாட்டேன் என்றது. இழுத்தார். வந்ததும் உள்ளே கையை விட்டார். நசுங்கிக் கல்லாகிப்போன காகித உருண்டை ஒன்று வெளியே வந்தது. கட்டைவிரல் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, நகம் சதையில் அழுந்தியிருந்தது.

“அட, இதோடயா இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தீங்க?” என்றார். “எனக்கு ஒரு மணல் விழுந்தாலே குதிப்பேன்.”

உலக்கை மெல்ல மெல்ல ஓய்ந்தது. வேர்வை அடங்கியது. அவர் பக்கத்திலேயே நின்று, தன் கைக்குட்டையைக் கொடுத்து, என் முகம் பழைய நிறத்துக்கு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்று தோன்றியதும் கேட்டார்.

“இப்போ எப்படி?”

“கீழ்வீட்டுக்காரன் தடியைக் கீழ வச்சுட்டான் சார்.”

அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று தெற்றுப்பல்.

“பார்க்கிங் பாக்கி இருக்கு. முடியுமா, இன்னொரு நாள் வர்றீங்களா?”

“முடியும் சார்.”

வெறுங்காலோடு நிறுத்தினேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவு இடம்.

மைதானத்துக்குத் திரும்பியபோது மனைவியும் மச்சானும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். காரிலிருந்து சிவப்புப் பேனா இறங்கினார், கையில் என் இடது ஷூ. மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடி வந்தார்.

“மாப்ள, அவரை ஷூவைக் கழட்டி அடிச்சுட்டீங்களா?”

“நீங்கதானா இதைப் போட்டுவிட்டது?” என்று ஆபீசர் அவர் உள்ளங்கையில் காகித உருண்டையை வைத்தார்.

மச்சான் அதைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். தங்கை பார்த்த பார்வையில் பழைய காலமாக இருந்தால் மச்சான் சாம்பலாகியிருப்பார். “ஊர் அடைப்பெல்லாம் எடுக்கிறே, ஒரு ஷூ அடைப்பை எடுக்கத் தெரியல?” என்றாள். பாவம், அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆபீசர் தொண்டையைச் செருமினார். “காலையில இவரை ஒரு கேள்வி கேட்டேன். பதில் நம்பிக்கையா இல்ல. வழியில செஞ்சே காட்டிட்டார். வலி வந்தும் ஓட்டிட்டே போயிருந்தா ஃபெயில் போட்டிருப்பேன்.” சட்டைப் பையைத் தடவினார். “நீல மை பேனா யார்கிட்டயாவது இருக்கா? என்கிட்ட சிவப்பு மட்டும்தான்.”

மச்சான் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். அது செல்லாது என்று ஆபீசர் கையை ஆட்டினார். மனைவி கைப்பையைக் கொட்டிக் கவிழ்த்து ஒரு பேனாவைக் கண்டுபிடித்தாள். அவர் கையெழுத்துப் போடுவதை மூவரும் மூச்சு விடாமல் பார்த்தோம்.

கிளம்புமுன் மனைவி என் பக்கத்துக் கதவைத் திறந்து கீழே உட்கார்ந்தாள். இடது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சிவந்த கட்டைவிரலைப் பார்த்து, குழந்தைக்கு ஊதுவதுபோல ஊதினாள். ஊதியபடியே, யோசிக்காமல், வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

“ரொம்ப வலிச்சுதா?”

மூன்று வருஷத்தில் அந்தக் காலைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“ஆமா,” என்றேன். “வலிச்சுது.”