வீடு பார்க்க வருகிறார்கள்

காலை ஷிப்டுக்குக் கிளம்பிய வாணி வாசலில் நின்று மறுபடியும் சொன்னாள்.

"அப்பா, ஒண்ணையும் தொடாதீங்க. வீடு எப்படி இருக்கோ அப்படியே பாக்கட்டும். அம்மாவயும் பாக்கட்டும்."

நாகமுத்து தலையாட்டினார். பதினொரு வருடம் ராணுவத்தில் இருந்தவர். ஓய்வூதியத்துக்கு அது போதவில்லை. வருமானம் குறைந்த முன்னாள் வீரர்களுக்குத் தண்ணீர் பில்லில் சேவைக் கட்டணத்தையும் பழைய பாக்கியையும் தள்ளுபடி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வாணிதான் மனுப் போட்டாள். அதை உறுதிசெய்ய இன்று தண்ணீர் அலுவலகத்திலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மீட்டரைக் கழற்றிவிடுவார்கள். நான்கு வருடமாகப் படுக்கையில் கிடக்கும் மனைவி ஜானகிக்குத் தினமும் மூன்று முறை துணி மாற்றித் துவைக்கவேண்டும்.

வாணியின் மோட்டார் சைக்கிள் சத்தம் செங் சாலையில் தேய்ந்து மறைந்தது. யாரோ வீட்டைப் பார்வையிட வருகிறார்கள் என்ற நினைப்பு மட்டும் அவருக்குள் நின்றது. தரையைத் தேய்த்தார். பானைகளை உயரம் பார்த்து அடுக்கினார். பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரனிடம் இரண்டு நல்ல நாற்காலிகளை இரவல் வாங்கினார். செருப்புக்குக்கூட பாலிஷ் போட்டார். கடைசியில் ஜானகியின் அறை மிஞ்சியது. அந்த வாடையை என்ன செய்வதென்று தெரியாமல் வாசற்படியில் நின்றார்.

"கதவச் சாத்திடுங்க," என்றாள் ஜானகி. "நான் இரும மாட்டேன்."

தண்ணீர் அலுவலகத்திலிருந்து வந்த திவ்யதர்ஷினிக்கு வாணியின் வயதுதான் இருக்கும்.

"ரொம்ப நீட்டா வச்சிருக்கீங்க அங்கிள். எங்க வீடுகூட இப்படி இல்ல லா." மனுப் படிவத்தைப் புரட்டினாள். "ஆன்ட்டி படுக்கையில இருக்காங்கன்னு போட்டிருக்கு. பாக்கலாமா?"

கதவு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இடுப்பில் ஈரச் சாரோங் துணியுடன் கிடப்பவளை ஓர் அந்நியப் பெண் பார்ப்பதை நினைத்தார்.

"மஸ்ஜித் தானா ஊர்ல இருக்கிற மச்சான் வீட்டுக்குப் போயிருக்கா."

"போக முடியுதா?"

"கார்ல."

பேனா ஒரு கட்டத்தை நிதானமாக அடித்தது. "அப்ப படுக்கையில யாரும் இல்லன்னுதான் எழுதணும். தள்ளுபடி கிடைக்கிறது கொஞ்சம் கஷ்டம் அங்கிள்."

அப்போதும் கதவைத் திறந்திருக்கலாம். அவர் விறைப்பாக நின்றார்.

கார் போன பிறகுதான் திறந்தார். ஜானகி போர்வை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதை விட்டதும் அடக்கிவைத்த இருமல் வெகுநேரம் வந்தது.

"என்ன சொன்னாங்க?"

"வீடு சுத்தமா இருக்காம்."

அவள் சிரித்தாள். நாகமுத்து குளியலறைக்குப் போய் வீட்டிலிருந்த வாளிகளையெல்லாம் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையில் நிறுத்தி, முதல் வாளிக்கு மேல் குழாயைத் திறந்துவிட்டார்.