ஒரு மிதிக்கு உப்பு கம்மி

பழைய சாப்பாட்டுக்கடையின் அடுப்படியில் மாஸ்டர் தன் ஆயுளில் பெரும்பகுதியை நின்றே கழித்திருந்தார். அந்தக் கடையின் கூடத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. இன்று அதே கூடத்தில், சன்னல் ஓர மேசையில், மனைவியோடு விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார். கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கடை பெயர் மாறிவிட்டது. அடுப்படியை மறைத்த மரத்தட்டியை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்திருந்தார்கள். பழைய முதலாளியின் சுவர்க்கடிகாரம் தொங்கிய இடத்தில் ஆணித் துளை மட்டும் சுண்ணாம்பு பூசியும் மறையாமல் தெரிந்தது.

"வாசனை தூக்குது" என்றாள் மனைவி மெல்லிய குரலில். "வெங்காயம். வெண்ணெயில வதங்குது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு எந்த வாசனையும் வரவில்லை. பழைய முதலாளி இறந்து, மகன் கடையை விற்ற வருடத்தில் மாஸ்டருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது மூக்கையும் நாக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவரையும் மனைவியையும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. நாக்கில்லாத சமையல்காரனை யார் வேலைக்கு வைப்பார்கள்?

அதற்குப் பிறகு வீட்டு அடுப்பு ஒன்றுதான் அவருக்கு. மனைவி சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்டாள். மதியத்துக்கும் அவர் கட்டிக்கொடுத்ததைத்தான் கொண்டுபோவாள். நாக்கின் ஓரத்தில் ஏதோ லேசாகத் தெரியும்வரை அவர் உப்பைப் போட்டுக் கிளறிப் பார்ப்பார். பிறகு அவளிடம் கரண்டியை நீட்டுவார். "சரியா இருக்கா?"

"உங்க கைக்கு என்ன குறைச்சல்?" என்பாள். வழித்துச் சாப்பிடுவாள்.

போன வாரம் புது முதலாளியம்மா வீடு தேடி வந்தாள். முப்பதைத் தாண்டிய பெண், பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. "சமைக்க ஆள் இருக்காங்க மாஸ்டர். ருசி பார்க்கத்தான் ஆள் இல்ல. ஒவ்வொரு பானையும் உங்க நாக்கைத் தாண்டித்தான் வெளிய போகணும். ஒருநாள் வந்து சாப்பிட்டுப் பாருங்க. என்ன குறைன்னு சொல்லுங்க. ஒத்துவந்தா மறுநாளே சேந்துக்கலாம்."

அவள் போனதும் மாஸ்டர் வெகுநேரம் வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசனை மனைவியுடையது. "நானும் கூட வர்றேன். மேசைக்கு அடியில காலை மிதிக்கிறேன். ஒரு மிதின்னா உப்பு கம்மி. ரெண்டுன்னா ஜாஸ்தி. மிதிக்கலைன்னா சரியா இருக்குன்னு அர்த்தம்."

"வேலைக்குச் சேந்த பிறகு? தினமும் வந்து மிதிப்பியா?"

"முதல்ல உள்ள போங்க. கிண்ணத்துல எடுத்துட்டு வந்து காட்டுங்க, நான் சொல்றேன். சலவைக் கடை எதிர் வரிசையிலதானே இருக்கு?" பிறகு சிரித்தாள். "கல்யாணமான புதுசுல கூட நாம இப்படிக் காலை மிதிச்சு விளையாடினதில்ல."

அவரும் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

இப்போது அவள் மேசைக்கு அடியில் வலது செருப்பைக் கழற்றிவிட்டாள். அதன் வார் கொஞ்ச காலமாகவே அவள் காலைப் பிடிப்பதில்லை. கால் வீக்கம். நின்று நின்று இஸ்திரி போட்டதில் வந்தது என்பாள். மாத்திரை சாப்பிடுகிறாள்.

முதலாளியம்மா தானே, உப்பில் ஊறப்போட்டுப் பொரித்த மீன் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் அவித்த கிழங்கு. எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அக்காவும் சாப்பிடுங்க. வெட்கப்படாதீங்க."

"சாப்பாட்டுல என்னம்மா வெட்கம்?" என்று மனைவி முதலில் ஒரு வாய் எடுத்தாள். மேசைக்கு அடியில் அசைவில்லை.

மாஸ்டர் மெதுவாக மென்றார். நாக்கு போனாலும் பல்லும் கண்ணும் மிச்சம் இருந்தன. "மீன் பதமா இருக்கு. உப்பும் சரி. கிழங்கை வடிச்சதும் சூட்டோட ஆறவிடாம மூடி வச்சிட்டாங்க. தண்ணி கோத்துக்கிச்சு. அதான் மாவா இல்லாம சொதசொதன்னு இருக்கு."

முதலாளியம்மா திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே நின்ற ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். "இதைத்தான் எதிர்பார்த்தேன் மாஸ்டர்" என்றாள். அவள் குரலில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது.

மாஸ்டர் அடுப்படிக்குள் மாட்டியிருந்த வெள்ளை அங்கிகளில் எது தன் தோளுக்குச் சேரும் என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, பார்வையை இழுத்துக்கொண்டார்.

அடுத்து சூப் வந்தது. இரண்டு கிண்ணம்.

மனைவி ஒரு கரண்டி குடித்தாள். இன்னொரு கரண்டியும் குடித்தாள், அவசரமில்லாமல், நிச்சயப்படுத்திக்கொள்வதுபோல. பிறகு அவளுடைய கனத்த, வெதுவெதுப்பான பாதம் அவர் பாதத்தின்மேல் ஒருமுறை அழுந்தி விலகியது.

அவரும் குடித்தார். நாக்கின் ஓரத்தில், வீட்டில் தெரிகிற அந்த லேசான தடயம்கூட இதில் இல்லை. அவளும் தானும் ஒன்றையே சொல்வதில் அவருக்குத் தைரியம் வந்தது.

"உப்பு கம்மி" என்றார்.

முதலாளியம்மா அவரையே பார்த்தாள். "கம்மியா?"

"கம்மிதான். பானைக்கு இன்னும் ஒரு கை போடலாம்."

அவள் மாஸ்டரின் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, வேறொரு கரண்டியால் நுனி நாக்கில் தொட்டுப் பார்த்தாள். முகம் சுருங்கியது. தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"இது காலையில கெட்டுப்போன பானை மாஸ்டர். ஒருத்தர் போட்டது தெரியாம இன்னொருத்தரும் உப்பு போட்டுட்டாங்க. கொட்டச் சொன்னேன். அப்புறம், நீங்க வர்றீங்களே, ஒரு கிண்ணம் வச்சுப் பார்ப்போம்னு எடுத்து வைக்கச் சொன்னேன்." "வாயில வைக்க முடியாது, மாஸ்டர்."

அவர் மனைவியைப் பார்த்தார். பதற்றத்தில் கால் தவறி மிதித்திருப்பாள், அவ்வளவுதான் என்று நினைத்தார். ஆனால் அவள் முகத்தில் தவறு செய்தவளின் கலக்கம் இல்லை. புரியாத திகைப்புதான் இருந்தது. அவள் தன் கிண்ணத்திலிருந்து மறுபடி ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள்.

"இல்லம்மா" என்றாள் முதலாளியம்மாவிடம், பரிவோடு. "நல்லாப் பாருங்க. கம்மியாத்தான் இருக்கு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மூடி விழுந்து உருண்டு அடங்கியது. மாஸ்டர் மனைவியின் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தபடி இருந்தார். அவள் தன் கணவனின் முகத்தைப் பார்த்தாள், பிறகு கிண்ணத்தை, பிறகு கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

முதலாளியம்மா எழுந்தாள். "சொல்லி அனுப்பறேன் மாஸ்டர்" என்றாள். சொல்லி அனுப்பமாட்டாள் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. அவள் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது இரண்டு கிண்ணங்களையும் தானே எடுத்துக்கொண்டு போனாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. பேருந்து நிறுத்தத்துப் பலகையில் மனைவியை உட்காரவைத்து, அவள் செருப்பின் வாரை மாட்ட மாஸ்டர் குனிந்தார். வார் எட்டவில்லை. கணுக்காலைப் பிடித்துச் சற்று அழுத்தினார். பெருவிரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோல.

"எவ்வளவு நாளா?" என்றார்.

"என்ன எவ்வளவு நாளா? விடுங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"நான் சமைச்சது எவ்வளவு நாளா உப்புக் கரிச்சுது?"

அவள் சாலையைப் பார்த்தாள். ஒரு பேருந்து வந்து நின்று, யாரும் ஏறாமல் கிளம்பியது.

"முதல்ல கொஞ்சம் கரிச்சுது. தண்ணி குடிச்சுக்குவேன். அப்புறம் கரிக்கல. உங்களுக்கே கை சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்."

"டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லலையா?"

"சொன்னாரு."

"எங்கிட்ட சொல்லலையே."

"கரண்டியை நீட்டிட்டு என் முகத்தையே பாத்துட்டு நிப்பீங்க" என்றாள். "வேற என்னத்தைச் சொல்றது?"

பள்ளம் மெதுவாக நிரம்பியது. அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். அவள் வெறுங்காலோடு அவர் தோளைப் பிடித்து நடந்தாள்.

அன்று மாலை சமைத்தது அவள்தான். அவர் அடுப்புப் பக்கம் போகவில்லை. உப்பு ஜாடியை எடுத்துப் பரண்மேல் வைத்தார். வேகவைத்த காயும் கிழங்கும் உப்பில்லாமல் இரண்டு தட்டுகளில் வந்தன. அவளைப் பார்த்தபடி அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

அவருக்கு அது எப்போதும்போலத்தான் இருந்தது. தட்டைக் காலிசெய்தார். அவள் முதல் வாயை வைத்துக்கொண்டு, விழுங்க முடியாமல், வெகுநேரம் மென்றுகொண்டிருந்தாள்.