இரண்டு மேதைகளும் ஒரு கண்ணாடிக் குழாயும்

கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கும் அவர் மனைவியின் அண்ணனுக்கும் தங்கை கல்யாணத்து நாளிலிருந்தே ஆகாது. ஒருவர் கிழக்கே என்றால் இன்னொருவர் மேற்கே. மச்சான் ஏசி கம்பெனியில் விற்பனை மேலாளர். கையில் ஸ்க்ரூடிரைவர் பிடித்ததில்லை. ஆனால் உலகத்தில் எது குளிர்ந்தாலும் தன்னைக் கேட்டுத்தான் குளிர வேண்டும் என்று நினைப்பவர். வாத்தியாரும் லேசுப்பட்டவரில்லை. "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்லி மனைவி கேட்டதே இல்லை.

வாசலில் மாட்டத் தன் பெயரும் பட்டங்களும் பொறித்த பலகையைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்று வாத்தியாருக்கு ஆசை. அதற்காக மரப்பலகையில் எழுத்து வெட்டும் சின்ன லேசர் மெஷின் ஒன்றை வாங்கினார். அதன் உயிரான, லேசர் ஒளியைத் தரும் கண்ணாடிக் குழாய் தனிப் பெட்டியில் வந்தது. அதைப் பொருத்துவதைப் பார்த்து வயிறு எரியட்டும் என்றுதான் மச்சானை ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னார்.

கார் கொட்டகையில் வேலை ஆரம்பமானது. இரண்டு தாங்கிகளில் ரப்பர் பட்டை வைத்து, குழாயைக் கிடத்தி, திருகாணியை விரல் நுனியால் லேசாகத் திருகினார் வாத்தியார்.

"நல்லா முறுக்குங்க மாப்ள, ஆடுது பாருங்க."

"ஆடட்டும் மச்சான். கண்ணாடி இது. இறுக்கினா போச்சு."

குழாய் சூடாகாமலிருக்க, வாளித் தண்ணீரில் பம்ப்பைப் போட்டு அதற்குள் ஓடவிட்டார்கள். தண்ணீர் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கியது. ஆனால் உள்ளே ஒரு காற்றுக் குமிழி அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. குமிழி நிற்கும் இடத்தில் தண்ணீர் படாது, கண்ணாடி வெந்துபோகும். வாத்தியார் ஹோஸைத் தட்டினார், கிள்ளினார், ஊதினார். அசையவில்லை. அந்த நேரம் பார்த்து மச்சானின் மூக்குக்கண்ணாடி மெஷினுக்கடியில் விழ, அதை எடுக்க அவர் மெஷினை ஒரு பக்கம் தூக்கினார். குமிழி வழுக்கிக்கொண்டு வெளியே போனது.

"பாத்தீங்களா? இதுக்குத்தான் கூலிங் தெரிஞ்ச ஆள் வேணும்" என்றார் மச்சான். அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை.

மூடியைச் சாத்தி ஓட்டினார்கள். குழாய்க்குள் இளஞ்சிவப்பு வெளிச்சம் ஓடியது. மெஷின் என்ன நினைத்ததோ, கீழ்வரியிலிருந்த பட்டங்களை முதலில் வெட்டத் தொடங்கியது. தகரக் கூரை வெயிலில் வாளித் தண்ணீர் சூடேறியது.

"கொஞ்ச நேரம் நிறுத்தி வெக்கலாம் மச்சான்."

"நிறுத்துறதா? சரிதான், வாங்கின அன்னிக்கே படுத்துடுச்சா? ஐஸைக் கொட்டுங்க மாப்ள."

சூடான கண்ணாடியில் சில்லென்று தண்ணீர் பட்டால் என்னாகும் என்று வருஷா வருஷம் பாடம் நடத்துபவர் வாத்தியார். ஆனால் 'படுத்துடுச்சு' என்ற சொல் சொந்தக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்கும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸ் மொத்தமும் வாளிக்குப் போனது.

டிக்.

சத்தம் அவ்வளவுதான். வெளிச்சம் அணைந்தது, குழாய் ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. பலகையில் 'எம்.எஸ்ஸி., பி.எட்.' மட்டும் இருந்தது. ஆளைக் காணோம்.

சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி, வாளியில் மிதந்த ஐஸைப் பார்த்தாள், இருவரையும் பார்த்தாள்.

"வரும்போதே விரிசல்" என்றார் வாத்தியார்.

"உள்விரிசல். வெளிய தெரியாது" என்றார் மச்சான்.

இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரே பேச்சாகப் பேசியது அன்றுதான்.

விற்றவனுக்கு ஃபோன் போட்டு மச்சான் அதட்டினார். "ஐஸ் ஏதாவது போட்டீங்களா சார்?" என்று அவன் கேட்டதும், ஃபோனைப் பிடுங்கிய வாத்தியார், "கெமிஸ்ட்ரி வாத்தியார்கிட்ட கேக்குற கேள்வியாய்யா இது?" என்று பாய்ந்தார். அவன் மன்னிப்புக் கேட்டு, புதுக் குழாய் அனுப்புவதாகச் சொன்னான்.

மனைவி நிதானமாக ஃபோனை வாங்கினாள். "தம்பி, எங்கண்ணனும் எங்க வீட்டுக்காரரும் சேந்துதான் ஐஸ் போட்டாங்க. நாங்க காசு குடுத்தே வாங்கிக்கிறோம்."

இருவருக்கும் வந்ததே கோபம். குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டாளாம். அன்றிலிருந்து மச்சான் ஞாயிறு தவறாமல் வருகிறார். கொட்டகையில் உட்கார்ந்து, வீட்டுப் பெண்களுக்கு டெக்னாலஜி புரிவதில்லை என்று இருவரும் அங்கலாய்க்கிறார்கள். புதுக் குழாய் பெட்டி பிரிக்கப்படாமல் கிடக்கிறது.

"நீங்க மாட்டுங்க மாப்ள, நீங்க படிச்சவங்க."

"சேச்சே. அனுபவம் உங்களுக்குத்தானே மச்சான்."

இந்த மரியாதைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.