பிழை இல்லாத புரோகிராம்

மேரு என்ற ஊரில், கையுறைத் தொழிற்சாலையில் உறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த தங்கமணியை, 1998இல் பெட்டாலிங் ஜெயா கம்ப்யூட்டர் கம்பெனிக்கு அழைத்து வந்தவன் வாசு. ஒரே கம்பத்துக்காரன், ஒரே கிராமம்; கூடப் பிறக்காத அண்ணன். போர்ட் கிள்ளான் கிடங்கு ஒன்றுக்கு அவன் புரோகிராம் எழுதினான். அதில் பிழைகளைத் தேடிப் பிடித்து மேனேஜர் இராமலிங்கத்துக்கு எழுதிக் கொடுப்பது அவள் வேலை. டெஸ்டர் என்று பெயர். மூன்று மாதம் தாண்டினால் வேலை நிரந்தரம். அப்புறம் அந்தக் கையுறை நாற்றத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

முதல் பிழையைப் பிடித்த அன்றே வாசு அவளைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனான்.

“எழுதிக் குடுத்து என்னை மாட்டி வுடாத லா. வாயால சொல்லு, நான் சரி பண்ணிடுறேன். நமக்குள்ள என்ன?”

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அண்ணனைப் பற்றி ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, கோயிலில் அவன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? பைத்தியக்காரி! கம்ப்யூட்டர் கணக்கில் ஒரே பெட்டி இரண்டு லோரியில் ஏறியதை, இரண்டாயிரம் ஆண்டு என்று தட்டினால் தேதி நூறு வருஷம் பின்னால் போய் விழுந்ததை, எல்லாவற்றையும் வாயாலேயே சொன்னாள். அவனும் ஓசைப்படாமல் திருத்திக்கொண்டான்.

மூன்றாம் மாதக் கடைசியில் இராமலிங்கம் இருவரையும் கூப்பிட்டார்.

“என்னம்மா, ஒரு பிழைகூட எழுதிக் குடுக்கலயே? உன்னை வெச்சு நான் என்ன பண்றது?”

தங்கமணி வாசுவைப் பார்த்தாள். இதோ சொல்வான், இப்போது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் டையைச் சரிசெய்துகொண்டான்.

“என் புரோகிராம் கிளீன், பாஸ். பாவம், அவ எதைப் பிடிப்பா?”

“சார், எல்லாத்தையும் அண்ணங்கிட்டதான் சொன்னேன்...”

“என்கிட்டயா? எதைம்மா சொன்ன?” பால் குடிக்கத் தெரியாத பூனை மாதிரி கேட்டான்.

இராமலிங்கம் மாதக் கடைசியோடு அவளை நின்றுகொள்ளச் சொன்னார். அவளுக்கு வயிறு எரிந்தது. வேலை போனதற்கல்ல, நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டானே என்றுதான்.

லிஃப்ட் வாசலுக்கு வாசு பின்னாலேயே ஓடி வந்தான்.

“கோவப்படாத தங்கம். அவர் முன்னால நான் வேற எப்படிச் சொல்றது? நாளைக்கு போர்ட் கிள்ளான்ல கஸ்டமருக்குக் காட்டணும். காலைல ஓட்டிப் பார்த்தியே, ஏதாச்சும் இருந்துச்சா?”

பழக்கதோஷம், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

“ஒண்ணு இருக்கு. பெருசு.”

“ஐயோ, எங்க?”

லிஃப்ட் திறந்தது. உள்ளே போய் நின்று, அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“தேடிப் பாருங்க, மிஸ்டர் வாசு.”