ஓரம் வெட்டிய தையல்காரர்

"உங்க பொண்ணுக்கு அறிவியல்ல ஆர்வம் இருக்கு, வீட்டுல கொஞ்சம் ஊக்கம் கொடுங்க" என்று டீச்சர் சொன்னாலும் சொன்னார், தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஊக்கம் என்றால் எதைக் கொடுப்பது? மேசை விளக்கு வாங்கிக் கொடுத்தார். மகள் கண்டுகொள்ளவே இல்லை. கடையில் கழித்துப்போட்ட துண்டுத் துணிகளைத்தான் கேட்டாள். அட, இதென்ன கூத்து!

வகைக்கு ஒன்றாக ஒரே அளவுச் சதுரங்களை வெட்டினாள். வெந்நீரில் அலசினாள். கடைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டாள். மறுநாள் பள்ளியில் கண்காட்சி. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே பயப்படுகிற பிள்ளை, முதல் தடவையாகத் தானே போய்ப் பெயர் கொடுத்திருந்தாள்.

அவள் அட்டை வாங்கப் போன நேரத்தில் தையல்காரர் கொடியைப் பார்த்தார். பகீரென்றது. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, ஒன்று கோணல். தையல்காரன் மகள் வெட்டின லட்சணமா இது என்று கேட்க மாட்டார்களா? கத்திரியை எடுத்தார். இருப்பதிலேயே சின்னதை அளவாக வைத்து மற்றதையெல்லாம் ஓரம் நறுக்கி, இஸ்திரியும் போட்டு அடுக்கினார். இதுதான் ஊக்கம் என்று அவருக்கு ஒரே பெருமை.

திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா! எந்தத் துணி எவ்வளவு சுருங்குதுன்னு காட்டத்தானே இதெல்லாம்? இப்ப எல்லாம் ஒரே அளவா இருக்கே!"

"ஒரே அளவா இருக்கிறது நல்லதுதானே கண்ணு?"

"நான் நாளைக்குப் போகல."

என்ன தப்பு என்று அவருக்குப் பாதிதான் புரிந்தது. கெடுத்தது தான்தான் என்பது முழுசாகப் புரிந்தது.

"என்னைத் திட்டிக்கோம்மா. போகலைன்னு மட்டும் சொல்லாத."

அவள் மிஷினுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று மண்டியிட்டாள்.

"நகருங்கப்பா! மிதிச்சிடாதீங்க!"

நறுக்கிப்போட்ட ஓரங்களைப் பொறுக்கினாள். நீலத்தை நீலத்தோடு, கோடு போட்டதைக் கோடு போட்டதோடு சேர்த்தாள். அகலமான ஓரம் விழுந்த துணி அதிகம் சுருங்காதது. அப்பா அளவுக்கு வைத்த, ஓரமே விழாத கம்பளிதான் எல்லாவற்றையும்விடச் சுருங்கியது. குப்பையில் கிடந்ததை அட்டையில் அழகாக ஒட்டினாள். இவர் மலங்க மலங்க விழித்துக்கொண்டு பசையை நீட்டினார்.

"ஆமா, கம்பளி மட்டும் ஏன் இப்படிச் சுருங்குது?"

"தெரியலையேப்பா!" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

தெரியாததற்கு ஒரு பிள்ளை இப்படியா சந்தோஷப்படும்? அவருக்கு மறுபடியும் குழம்பிவிட்டது.

"அப்ப நாளைக்குப் போவியா?"

"போவேன். நீங்களும் வாங்க. கத்திரியை மட்டும் கடையிலேயே வச்சுட்டு வாங்க."