இருபது மூச்சு

மனிதன் நிமிஷத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறான் என்று தெரிய வேண்டுமா? எந்த ஆஸ்பத்திரியிலும் போய்ப் படுக்கையின் கால்மாட்டில் தொங்குகிற சார்ட்டைப் பாருங்கள். இருபது. பிள்ளை பெற்றவளுக்கும் இருபது, குடலை வெட்டித் தைத்தவனுக்கும் இருபது. தூங்கினாலும் இருபது, வலியில் கத்தினாலும் இருபது. நாடி, ரத்த அழுத்தம், ஜுரம் எல்லாவற்றுக்கும் மெஷின் வந்துவிட்டது. எங்கள் வார்டில் மூச்சை மட்டும் இன்னும் ஆள்தான் எண்ண வேண்டும். நெஞ்சைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிஷம் சும்மா நிற்க வேண்டும். முப்பது படுக்கைக்கு மூன்று நர்ஸ் இருக்கிற வார்டில் அந்த ஒரு நிமிஷத்துக்கு யார் எங்கே போவார்கள்?

நான் எண்ணினேன். உத்தமி என்று பெயர் எடுக்க இல்லை. எண்ணாமல் இருபது போட்டதற்கு என் வாழ்க்கையில் ஆறு மாதத்தைத் தண்டமாகக் கொடுத்திருக்கிறேன், அதனால்தான்.

நர்சிங் கல்லூரியில் இரண்டாம் வருஷ செய்முறைத் தேர்வு. எனக்குக் கொடுத்த நோயாளி ஒரு பாட்டி. மற்றதெல்லாம் ஒழுங்காகப் பார்த்துவிட்டு, மூச்சுக்கு மட்டும் எல்லாரையும் போல இருபது என்று எழுதினேன். தேர்வு பார்க்க வந்தவர் எங்கள் ஆசிரியை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் விநாடிமுள். கடிகாரத்தை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். பேசும்போதுகூட ஒரு கண் அதில் இருக்கும்.

"எத்தனை?"

"இருபது மேடம்."

"நான் எண்ணினேன், இருபத்தாறு வந்தது. நீ எண்ணினியா?"

"கால் நிமிஷம் எண்ணி நாலால பெருக்கினேன் மேடம்."

"அப்ப பொய்யையும் சேர்த்துப் பெருக்கியிருக்க" என்று சொல்லி, என் தாளில் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

ஃபெயில். ஆறு மாதம் கழித்து எனக்கு இளையவர்களோடு உட்கார்ந்து திரும்ப எழுதினேன். "நர்ஸ் படிப்புல கூடவா ஃபெயில் ஆவாங்க?" என்று சித்தி அம்மாவிடம் போனில் கேட்டாள். அம்மா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. விநாடிமுள்ளை நான் சபிக்காத நாள் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஒருத்தருக்கும் நான் எண்ணாமல் எழுதியதில்லை.

படித்து முடித்து வெளியே வந்ததும் வேலைக்கு அலைந்தேன். ஒன்பது இன்டர்வியூ. எல்லா இடத்திலும் ஒரே பாட்டு, இரண்டு வருஷ அனுபவம் வேண்டும். அந்த அனுபவத்தை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஓர் இடத்தில் கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள். இன்னோர் இடத்தில் ஆறு மாதம் ஏன் பிந்தியது என்று கேட்டார்கள். பத்தாவதாகப் போனது எங்கள் கல்லூரி நிர்வாகமே நடத்துகிற பெரிய ஆஸ்பத்திரி. மேஜைக்கு அந்தப் பக்கம், நர்சிங் சூப்பிரண்டென்ட் நாற்காலியில், விநாடிமுள்.

என் சான்றிதழ்களை அவர் புரட்டக்கூட இல்லை. "இப்ப எண்றியா?" என்றார்.

"எண்றேன் மேடம்."

"சேர்ந்துக்க. ஆறு மாசம் ப்ரொபேஷன்."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவரைச் சபித்ததற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். நான் சேர்ந்த இரண்டாவது மாதம், ஊழியர் குடும்பம் என்ற சலுகையில் தங்கைக்கும் அதே கல்லூரியில் முதல் வருஷம் இடம் கிடைத்தது. சாயங்காலமானால் அவள் சோபாவில் தூங்குகிற அப்பாவின் நெஞ்சைப் பார்த்து எண்ணிப் பழகுவாள். அப்பா பாதியில் புரண்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். நான் வேலையில் நிலைத்தால்தான் அவள் படிப்பும் நிலைக்கும். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தேவையும் இல்லை.

வார்டில் எனக்கு 'முழு நிமிஷம்' என்று பெயர் வந்தது. "முழு நிமிஷம் வந்தாச்சு, இனிமே நம்ம வேலை நாளைக்குத்தான் முடியும்" என்று சீனியர் அக்கா சிரிப்பார். கெட்டவர் இல்லை. ஊசி போட நரம்பு கிடைக்காமல் நான் திணறினால் ஓடி வந்து போட்டுக் கொடுப்பார். ஆனால் மூன்றாம் மாத மதிப்பீட்டில் 'வேலையில் வேகம் இல்லை' என்று எழுதியவரும் அவர்தான். ஆறாம் மாதமும் அதையே எழுதினால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒன்பது இன்டர்வியூவில் தோற்றவளுக்குப் பதினொன்றாவதில் என்ன கிடைக்கும்?

ஆறாம் மாதம். இரண்டு நாள் லீவு முடிந்து காலை டூட்டிக்கு வந்தேன். பதினெட்டாம் படுக்கையில் ஒரு பள்ளி வேன் டிரைவர். தொடை எலும்பு முறிந்து, நான் இல்லாதபோது ஆபரேஷன் ஆகியிருந்தது. சார்ட்டில் நாலு மணி நேரத்துக்கு ஒரு கட்டம் வீதம் பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டிலும் இருபது. பத்து மணிக்கு நான் எண்ணினேன். முப்பத்திரண்டு.

படுக்கைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி நின்றிருந்தார். "எத்தனை வந்தது சிஸ்டர்?" என்று கேட்டார். "நீங்க வாட்சைப் பார்த்து எண்ணினீங்க இல்ல, நானும் கூடவே எண்ணினேன். முப்பத்திரண்டு வந்தது."

"அதேதான் அக்கா" என்றேன்.

"அது நிறையவா?"

"கொஞ்சம் அதிகம். டாக்டர்கிட்ட சொல்றேன்."

சார்ட்டில் எழுதினேன். விரல் கிளிப்பில் ஆக்ஸிஜன் தொண்ணூற்று நாலு. அலறவும் முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது. சீனியர் அக்காவிடம் சொன்னேன். "உன்னைப் பார்த்து பயந்திருப்பார், போ" என்றார். டாக்டருக்கு போன் போட்டேன். "வலியில இருப்பார் சிஸ்டர், ரவுண்ட்ஸ் வரும்போது பாக்கறேன்." பன்னிரண்டு மணிக்கு யாரும் சொல்லாமலே திரும்பப் போய் எண்ணினேன். முப்பத்தாறு. மறுபடியும் போன், மறுபடியும் அதே பதில். இரண்டு எண்ணையும், டாக்டருக்கு இரண்டு தடவை தெரிவித்ததையும் நேரத்தோடு எழுதி, கையெழுத்துப் போட்டேன். ரவுண்ட்ஸ் வந்தபோது மணி இரண்டரை. அதற்குள் அவர் உதடு நீலமாகிவிட்டது. படுக்கையோடு தள்ளிக்கொண்டு ஐசியூவுக்கு ஓடினோம். கால் நரம்பில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டதாம். மறுநாள் நான் வந்தபோது பதினெட்டாம் படுக்கையில் புது விரிப்புப் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கே விநாடிமுள் கூப்பிட்டு அனுப்பினார்.

மேஜை மேல் ஒரு புது சார்ட். ராத்திரி ஐசியூவில் இறந்துபோன வேன் டிரைவருடையது. எல்லாக் கட்டமும் அவரவர் கையெழுத்தில், அவரவர் பேனா நிறத்தில் நிரம்பியிருந்தது. பத்து மணிக் கட்டம் மட்டும் காலி. பன்னிரண்டு மணிக்கு அதில் இடமே இல்லை.

"பழைய சார்ட்ல தண்ணி கொட்டிடுச்சு. எல்லாரும் திரும்ப எழுதிட்டாங்க. உன்னோடது மட்டும்தான் பாக்கி."

பழைய சார்ட் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஒரு சொட்டுகூட நனையவில்லை. அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"நான் எண்ணினேன் மேடம்."

"தெரியும். எண்ணியிருப்ப. நான் வளர்த்த பொண்ணு. அதுதான் இப்ப பிரச்னை." அவர் குரல் கனிவாகவே இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. "உன் முப்பத்திரண்டு அங்க நின்னா, அதுக்கு முன்னாடி இருக்கற பன்னெண்டு இருபதும் பொய்யாயிடும். எழுதினவங்கள்ல ரெண்டு பேர் கைக்குழந்தைக்காரங்க. டாக்டர் எப்படியாவது தப்பிச்சுக்குவார். இவங்கதான் தெருவுக்குப் போவாங்க. போனவர் திரும்பி வரப்போறதில்ல."

நான் பழைய சார்ட்டையே பார்த்தேன்.

"தங்கச்சி எப்படிப் படிக்கறா? நல்லா எண்றாளாமே."

பயத்திலா கோபத்திலா தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. "ஆறு மாசம் மேடம். இதே இருபதுக்கு என்னை ஆறு மாசம் உக்கார வச்சீங்க."

"அது பரீட்சை" என்றார். பேனாவின் மூடியை அவரே கழற்றி நீட்டினார். "இது வேலை."

என் கை நடுங்கியது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நடுங்கவில்லை. கட்டத்துக்குள் அழகாக எழுதினேன். இருபது. கையெழுத்துப் போட்டு, நேரம் போட்டு, தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். என் கையெழுத்து எப்போதும் மணி மணியாக இருக்கும்.

அந்த வாரமே மதிப்பீடு வந்தது. 'நல்ல முன்னேற்றம். குழுவோடு இணைந்து பணியாற்றுகிறார்.' கீழே சீனியர் அக்காவின் கையெழுத்து. வேலை நிரந்தரம். வீட்டில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா சித்திக்கு போன் போட்டுவிட்டாள். தங்கை என் அடையாள அட்டையைத் தன் கழுத்தில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அசதி என்று சொன்னேன், நம்பினார்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மத்தியானம், என்னை மீட்டிங் அறைக்கு வரச் சொன்னார்கள். நீள மேஜை. ஒரு பக்கம் விநாடிமுள், டாக்டர், நிர்வாகத்து ஆள் ஒருவர். எதிரே, தன் தம்பியோடு, வேன் டிரைவரின் மனைவி. நடுவில் அந்தச் சார்ட். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. கடையில் சில்லறை ஏமாற்றிவிட்டார்கள் என்று வாதாடிக்கொண்டிருக்கும்போது தெரிந்தவர் ஒருவர் உள்ளே வந்தால் எப்படி இருக்கும், அப்படி.

"இந்தப் பொண்ணுதான்" என்று தம்பியிடம் சொன்னார். "நான் சொன்னேன்ல, இது ஒண்ணுதான் அவர் பக்கத்துல நின்னு எண்ணிச்சு."

நிர்வாகத்து ஆள் சார்ட்டைத் திருப்பி வைத்தார். "பத்து மணிக்கு இருபதுன்னுதான் இருக்கும்மா. ரெண்டரை மணிக்குத் திடீர்னு ஆனது. யாராலயும் முன்கூட்டித் தெரிஞ்சிருக்க முடியாது."

"இல்ல சார், முப்பத்திரண்டு. நானும் கூட நின்னு எண்ணினேன்."

விநாடிமுள் மேஜைமேல் சாய்ந்து, மெதுவாக, ஆறுதலாகச் சொன்னார். "அம்மா, உங்க வருத்தம் புரியுது. ஆனா மூச்சு எண்றது சாதாரண விஷயம் இல்ல. அதுக்குப் படிச்சிருக்கணும்."

நாலரை வருஷம் படித்தவள் நான் பக்கத்தில் நின்றேன்.

அந்த அம்மா அதற்குக் கோபப்படவில்லை. நியாயம்தான் என்பதுபோலத் தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி, எனக்குப் படிப்பு இல்ல. நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க சிஸ்டர். அன்னைக்கு நம்ம ரெண்டு பேரும் எத்தனை எண்ணினோம்?"

டாக்டர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். விநாடிமுள் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குத் தங்கையின் நினைப்பு வந்தது என்று சொல்லலாம். பொய். எனக்கு ஒன்றும் நினைப்பு வரவில்லை. வேலை போய்விடும் என்பது ஒன்றைத் தவிர.

"இருபது" என்றேன்.

தம்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்னம்மா நீ, மனசாட்சியே இல்லாம..."

அந்த அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்தார். "விடுடா. அதை ஏன் திட்டற? அதுவும் பொழைக்க வந்த பொண்ணுதானே."

திட்டியிருக்கலாம். என் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருந்தால்கூட நானும் பதிலுக்கு மனசுக்குள் எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அந்த அறையில் இருந்த இத்தனை பேரில் என்மேல் இரக்கப்பட்டது அவர் ஒருத்தர்தான். பையை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் என் கையை லேசாகத் தொட்டுவிட்டுப் போனார்.

"போ, வார்டுல ஆள் இல்ல" என்றார் விநாடிமுள்.

போனேன். இரண்டு மணி சார்ட் எழுத வேண்டியிருந்தது. என் பங்குக்குப் பத்துப் படுக்கை. பத்துப் பேருக்கும் மூச்சுக் கட்டத்தை நிரப்பி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.