தாழ்ப்பாள் இருந்த இடம்

நான்கு ஓட்டைகளை அடைக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பிரார்த்தனைக் கூடத்தின் பின்னால் இருக்கும் பாட அறையின் கதவு அது. உள்பக்கத்தில் தாழ்ப்பாளைக் கழற்றிய இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. கழற்றியவருக்குக் கைப்பழக்கம் இல்லை. ஸ்க்ரூவை நெம்பி மரத்தையும் சிராய்த்து வைத்திருந்தார்.

"பட்டி வச்சு அடைச்சு, மேல பெயிண்ட் அடிச்சிடுங்க தம்பி. நாளைக்கு போலீஸ்லருந்து பார்க்க வராங்க," என்றார் சபைத் தலைவர்.

போன வாரம் சபை கூடியிருந்தபோது தையல்காரம்மா தன் ஒன்பது வயது மகளைப் பெரியவர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். வேதப் பாடம் நடத்தும் வாத்தியார் மற்ற எல்லோரையும் அனுப்பிவிட்டு, தாழ்ப்பாள் போடுவார் என்று அந்தப் பிள்ளை சொன்னது. அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. மீதியைத் தாய் சொன்னாள். தலைவர் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு, நிதானமாகத் திரும்பி வந்தார். "அந்தக் கதவுல தாழ்ப்பாளே இல்லையேம்மா," என்றார். பிறகு பிள்ளைக்கு நல்ல புத்தி வர எல்லோரும் பிரார்த்தித்தோம். அந்தத் தாழ்ப்பாளை இரண்டு வருடத்துக்கு முன் மாட்டியவன் நான். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். கூடத்தின் புது மாடிக்கான மர வேலை முழுக்க என் கையில் இருந்தது. வேறு காரணம் சொன்னால் பொய்.

அதற்குப் பிறகு அவளிடம் யாரும் துணி தைக்கக் கொடுக்கவில்லை. அவள் எதிரே வந்தால் பெண்கள் பைக்குள் எதையோ தேடினார்கள். அவள் நேரே போலீசுக்குப் போய்விட்டாள்.

"இருபது வருஷமா நம்ம பிள்ளைங்களுக்கு நல்லது சொல்லித் தர்ற மனுஷனை சந்தியில நிறுத்தணுமா, நீங்களே சொல்லுங்க," என்றார் தலைவர்.

"அப்ப அந்தப் பொண்ணு, ஐயா?"

"அதுக்காகவும்தான் வேண்டிக்கிறோமே."

"இங்க வச்சு அடைச்சா தெரியுங்கய்யா. பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் இழைச்சுக் கொண்டாரேன்," என்றேன். கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டினார்.

கீல்களைக் கழற்றி, கதவைத் தலையில் தூக்கிக்கொண்டு உச்சிவெயிலில் நடந்தேன். பட்டறை வந்தது. நிற்கவில்லை. அடுத்த தெருவில் தையல்காரம்மா வீட்டுச் சுவரில் அதை நிமிர்த்திச் சாய்த்தேன்.

"நான்தாம்மா மாட்டினேன். நாளைக்கு வர்றவங்ககிட்ட சொல்லிடறேன். கதவு இங்கயே இருக்கட்டும்."

அவள் ஓர் ஓட்டையை விரலால் தடவினாள்.

"அன்னிக்கு முன்வரிசையிலதானே உக்காந்திருந்தீங்க?"

கதவு நழுவாமல் அடியில் ஒரு கல்லை வைத்தேன்.

மகள் வாசலுக்கு வந்தாள். "உள்ள போடி," என்றாள் தாய். அவள் போகவில்லை. கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, குதிகாலைத் தூக்கி, கையை மேலே நீட்டினாள். விரல் நுனிக்கும் ஓட்டைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வை என்று வாத்தியார் சொன்ன உயரம். இரண்டு முறை அளந்து வைத்திருந்தேன்.

"குதிச்சும் பாத்தேன் மாமா," என்றாள். குதிகாலை இன்னும் கீழே வைக்கவில்லை.